மாங்க் தப்பா வாசிக்கல, உரசறது நம்ம காதுக்குள்ள

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க் வாசிச்சத முதல்தடவ கேட்டப்ப, மனுஷனுக்கு விரல் வழுக்கி பக்கத்து கட்டையும் சேந்து அமுங்கிடுச்சுன்னுதான் நெனச்சேன். அதே எடம் திரும்ப வந்தப்பவும் அதே ரெண்டு கட்டை. சரி, ஆளு வேணும்னே பண்றாருன்னு அப்பதான் உறைச்சுது.

பியானோ நடுவுல இருக்கற சி கட்டைய அடிச்சா கம்பி நொடிக்கு சுமார் 262 தடவ அதிரும், அத ஒட்டுன கறுப்பு கட்டைக்கு 277. ரெண்டையும் ஒண்ணா அடிச்சா அலைங்க சேர்றதும் விலகறதுமா நொடிக்கு 15 தடவைக்கு மேல சத்தம் ஏறி எறங்கும். மூணு நாலு தடவைன்னா காது எண்ணிடும், கிட்டார் சுருதி சேக்கறப்ப வொவ் வொவ்னு ஒண்ணு வருமே, அதான் இது. ஆனா 15ஐ எண்ண முடியாது, வெறும் சொரசொரப்பாத்தான் கேக்கும். உள்காதுல நத்தைக்கூடு மாதிரி இருக்கற காக்லியாக்குள்ள ஒரு சவ்வு இருக்கு, ஒவ்வொரு சுரத்துக்கும் அதுல ஒரு எடம், இவ்ளோ நெருக்கமா ரெண்டு சுரம் வந்தா ஏறக்குறைய ஒரே எடம்தான் ஆடுது, காதால ரெண்டையும் சுத்தமா பிரிக்க முடியறதில்ல.

இந்த சொரசொரப்பு எதுக்கு? ஜாஸுக்கு வேரா இருக்கற ப்ளூஸ்னு ஒரு கறுப்பின மக்கள் இசை இருக்கு, அத பாடறவங்க சுரத்த வளைப்பாங்க, ரெண்டு கட்டைக்கு நடுவுல விழற சுரம்தான் அதோட உயிரே. சாக்ஸபோன்ல வளைக்கலாம், ட்ரம்பெட்ல வளைக்கலாம், பியானோல சுத்தியல் போய் கம்பிய அடிச்சிட்டா அவ்ளோதான், அப்புறம் நீங்க என்ன குட்டிக்கரணம் போட்டாலும் சுரம் நகராது. மாங்க் என்ன பண்றார்னா ரெண்டு பக்கத்தையும் சேத்து அடிச்சு, நடுவுல இருக்கறத நம்மளையே கேக்க வச்சிடறார். சில சமயம் ஒரு விரல மட்டும் எடுப்பார், அந்தக் கம்பி மேல ஃபெல்ட்டுங்கற மெத்து துணி வந்து விழுந்து அது அடங்கிடும், மிச்ச சுரம் தனியா எழும்பி நிக்கும், எங்கேர்ந்தோ வளைஞ்சு வந்து சேந்த மாதிரியே இருக்கும். எனக்கு இந்த எடம் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரவழைக்கும், நல்ல சிரிப்பு.

இடது கைல பல நேரம் ரெண்டே சுரம்தான், அதுவும் விட்டு விட்டு. கீழ்ஸ்தாயில சுரங்கள நெருக்கி வச்சா ஒண்ணோட ஒண்ணு உரசி மொத்தமா கலங்கிடும், அங்க காலியா விட்டாத்தான் மேல பண்ற குறும்பு துல்லியமா கேக்கும்.

1917ல பொறந்தவர், 40கள்ல நியூயார்க் ஹார்லெம் பகுதியில மிண்டன்ஸ்ங்கற ஜாஸ் க்ளப்ல வாசிச்ச காலத்துலேர்ந்தே இவருக்கு பியானோ வராதுன்னு சொன்னவங்க உண்டு. புலிட்சர் சிறப்பு விருது 2006ல வந்துது, அவர் செத்து 24 வருஷம் கழிச்சு.

இன்னும் சந்தேகம் இருந்தா 1957ல அவரோட 'ரவுண்ட் மிட்நைட்' பாட்டோட பதிவுக்காக அவர் தனியா உக்காந்து வாசிச்சுப் பாத்தது கெடைக்குது, கிட்டத்தட்ட 22 நிமிஷம், ஹெட்போன் போட்டு கேளுங்க. நிறுத்தறார், திரும்ப வர்றார், அதே பாட்டத்தான் மறுபடி மறுபடி தட்டிப் பாத்துட்டே இருக்கார்.