குவாட்ரேட்: சதுரமில்லாத சதுர எலும்பு

பல்லி, ஓணான், உடும்பு எதை எடுத்தாலும் கீழ்த்தாடை மண்டையோட்டில் நேரடியாக மாட்டியிருக்காது. இரண்டுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக ஒரு குட்டை எலும்பு தொங்கும். அதுதான் குவாட்ரேட். அதன் மேல்முனை உருண்டை. கீழ்முனையில் இரண்டு சிறு புடைப்புகள், கீழ்த்தாடை அவற்றில்தான் பொருந்தும். பின்பக்கம் குழிந்திருக்கும். வெளிவிளிம்பில் மெல்லிய வரம்பு போல எழும்பியிருக்கும். செவிப்பறை இருக்கும் இனங்களில் அது அந்த வரம்பைப் பற்றியிருக்கும்.

சொல் லத்தீன்: குவாட்ராடுஸ், அதாவது சதுரமாக்கப்பட்டது. நான்கு என்னும் பொருளுள்ள குவாட்டுவோர் அதன் உறவு. வடமொழிச் 'சதுர்' அதற்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் 'சதுர எலும்பு' என்ற பெயர்ப்பு ஒருவகையில் வேர் மாறாத பெயர்ப்பே. ஆனால் பல்லியின் எலும்பைப் பார்த்தால் சதுரம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். காதுமடலை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கிறது. பக்கமெல்லாம் சமமாக இருக்க வேண்டாத 'நாற்கர எலும்பு' பரவாயில்லை. நான் அதையே எடுப்பேன்.

பல்லிகளில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. கன்ன எலும்பிலிருந்து குவாட்ரேட் வரை வரும் எலும்புப் பாலமான கீழ்ப் பொட்டு வளைவு அவற்றில் இல்லை. முன்பக்கப் பிடி போய்விட்டதால், பெரும்பாலான இனங்களில் மேல்முனையை அச்சாகக்கொண்டு இது முன்னும் பின்னும் ஊசலாடும். இந்த அசைவுக்கு ஸ்ட்ரெப்டோஸ்டைலி என்று பெயர்; கிரேக்கத்தில் திருகு, தூண் என்ற இரண்டு சொற்கள். 'திருகுதூண்' என்று அப்படியே பெயர்த்தால் பம்பரம்போல் சுழல்வதாகப் படும். 'தூண் ஊசல்' பொருந்தும். நியூசிலாந்தில் வாழும் பல்லிபோன்ற ஊர்வனமான டுவாடாராவில் வளைவு முழுதாக இருக்கிறது, எலும்பும் அசையாது. பச்சோந்தியில் வளைவு இல்லாமலே இறுகிவிட்டது.

செத்துக் கிடந்த ஓணானின் மண்டையோட்டைத் தயாரிக்கும்போது தவறு இங்கேதான் நடக்கும். இது பொருத்துவாயில் பூட்டியதல்ல, தசைநாரில் நிற்பது. கொதிக்க வைத்தால் நார் கூழாகி முதலில் கழன்று விழும். தண்ணீரில் ஊறவிட்டு, கழலும் முன்பே, எது எந்தப் பக்கம் என்று தெரிய, இடப்பக்கத்து எலும்பில் நூல் கட்டிவிடுங்கள். திரும்ப ஒட்டும்போது குழி பின்னோக்கி, வரம்பு வெளியே. மாற்றி ஒட்டினால் தாடை கோணும். உடும்பில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

இதே எலும்பு பாலூட்டிகளில் தாடையை விட்டுக் காதுக்குள் போனது. 1837இல் ஜெர்மானியர் ரைஷெர்ட் கருக்களை ஆராய்ந்து காட்டிய உறவு இது. நடுக்காதின் மூன்று சிற்றெலும்புகளில் நடுவில் இருப்பதாக நம் பாடநூல் சொல்லும் பட்டை எலும்பு (இன்கஸ்) அதுவே. அங்கே 'நாற்கர' என்ற பெயரை இழுத்துக்கொண்டு போகக் கூடாது.