ஷனேலுக்குக் கிடைத்த பத்து சதவீதம்

ஒன்றுமில்லாமல் தொடங்கி ஃபேஷன் தொழிலில் பெரிய ஆளான பெண்கள் என்று யார் பேச ஆரம்பித்தாலும் கோகோ ஷனேல் வந்துவிடுவார். 1883-இல் பிரான்சின் சோமூர் நகரில், ஏழைகளுக்கான தர்ம விடுதியில் பிறந்தவர். அம்மா இறந்தபோது வயது 11. ஊர் ஊராகப் போய் விற்கும் வியாபாரியான அப்பா, பெண் பிள்ளைகளை ஓபசீன் என்ற ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய அனாதை இல்லத்தில் விட்டுவிட்டுப் போனார். அங்கே கற்ற தையல்தான் சொத்து. 1910-இல் பாரிஸின் கம்போன் தெருவில் தொப்பிக் கடை, 1913-இல் தோவில் கடற்கரை ஊரில் துணிக்கடை, 1915-இல் பியாரிட்ஸில் இன்னொன்று. ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட ஜெர்சி துணியில் பெண்களுக்கு உடை தைத்து விற்றார்.

மேடைப் பேச்சில் இந்த இடத்தில் கைதட்டல் வரும். கம்பெனி பதிவு, பங்கு மாற்றம், டிரேட்மார்க் என்று தினமும் ஒப்பந்தக் காகிதங்களோடு உட்காரும் எனக்கு, இதற்கு அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். ஏனென்றால் என் மேஜைக்கு வரும், பொட்டிக் என்ற சின்ன உடைக் கடை நடத்துபவர்கள் பலரும் கைத்திறமையில் குறை இல்லாதவர்கள். சிக்கிக்கொள்வது கையெழுத்தில்.

முதலில் அவர் சரியாகச் செய்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைக்கு முதல் போட்டவர் காதலர், ஆங்கிலேய வணிகர் ஆர்தர் கேப்பல். கடையில் கூட்டம் வருகிறது, வங்கி கேட்டபோதெல்லாம் பணம் கொடுக்கிறது, ஆகவே நான் சம்பாதிக்கிறேன் என்று ஷனேல் நினைத்துக்கொண்டிருந்தாராம். வங்கி கொடுத்தது கேப்பல் வைத்திருந்த ஈட்டுப் பத்திரங்களை நம்பித்தான் என்று தெரிந்தபோது நொறுங்கிப்போனார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மறுநாளே, தன்னைக் கேட்காமல் கடையில் ஒரு காசு செலவாகக் கூடாது என்று உத்தரவு போட்டார். சில வருடங்களில் கேப்பலின் பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். வரவு வேறு, லாபம் வேறு என்பதை இத்தனை சீக்கிரம் புரிந்துகொண்ட கடைக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் 1924-இல் என்ன செய்தார் தெரியுமா? மூன்று வருடம் முன்னால் எர்னஸ்ட் போ என்ற வாசனைத் திரவிய நிபுணர் அவருக்காக உருவாக்கிய 'நம்பர் 5' அவர் கடைகளில் நன்றாகப் போனது. ஆனால் பெரிய கடைகளுக்குக் கொடுக்கும் அளவுக்குத் தயாரிக்கத் தொழிற்சாலை இல்லை. கலரி லஃபாயெத் என்ற பெரிய அங்காடியை நடத்திய தியோஃபில் பாதேர், பூர்ஷுவா அழகுசாதன நிறுவனத்தின் உரிமையாளரான பியேர் வெர்தைமரை அறிமுகம் செய்துவைத்தார். பியேரும் அவர் சகோதரர் போலும் ஷனேலோடு சேர்ந்து 'பர்ஃபாம் ஷனேல்' என்ற தனிக் கம்பெனியைத் தொடங்கினார்கள். பணம், தொழிற்சாலை, விநியோகம் எல்லாம் வெர்தைமர்கள் பொறுப்பு. அவர்களுக்கு 70 சதவீதம். அறிமுகம் செய்த பாதேருக்கு 20. பெயருக்குச் சொந்தக்காரருக்கு 10.

அவரை அவசரக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைக்கு அவர் கண்ணுக்குத் துணிக்கடைதான் உயிர். வாசனைத் திரவியம் கூடுதல் வியாபாரம். இவர்களை உள்ளே விட்டால் துணிக்கடையிலும் கை வைப்பார்களோ என்ற பயம் இருந்திருக்கிறது. அதைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு, இதை எடுத்துக்கொள்ளுங்கள், நிர்வாகத்தில் நான் தலையிட மாட்டேன் என்று விட்டுவிட்டார். எதிர்த் தரப்பும் ஏமாற்றவில்லை. ரிஸ்க் முழுவதும் அவர்களுடையது. கணக்கு தப்பியது ஒரே இடத்தில்தான். சின்னது என்று நினைத்ததற்கு அளவே வைக்காமல் கொடுத்தார். எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு விற்பனையைத் தாண்டினால் பங்கு கூடும், எப்போது திரும்ப வாங்கலாம் என்பதையெல்லாம் யோசிக்க அன்று யாருக்கும் அவசியம் தோன்றவில்லை. கூடுதல் வியாபாரம் துணிக்கடையைத் தாண்டி வளர்ந்தது.

பத்து சதவீதம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கணக்கைச் சொல்கிறேன். 2013-ஆம் வருட கம்பெனிகள் சட்டப்படி, பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் நிர்வாகம் நசுக்குகிறது, முறைகேடு செய்கிறது என்று தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பெரிய முடிவுகளுக்கு வேண்டிய சிறப்புத் தீர்மானம் ஒன்றைத் தடுக்கவேண்டுமானால் 25 சதவீதத்துக்கு மேல் ஓட்டு கையில் இருக்கவேண்டும். சாதாரணத் தீர்மானத்தை நிறைவேற்றப் பாதிக்கு மேல். ஆக, பத்து சதவீதம் இருந்தால் வழக்குப் போடலாம், முடிவெடுக்க முடியாது. ஷனேல் வாழ்க்கையும் அப்படியே ஆனது. வழக்கு மேல் வழக்கு. 1935-இலிருந்து ரெனே த ஷம்ப்ரன் என்ற வழக்கறிஞரை வைத்துக்கொண்டு வெர்தைமர்களோடு மோதினார்.

அந்த மோதல் மிகக் கேவலமான இடத்துக்கும் போனது. ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தபின் யூதர்களின் சொத்துகளைப் பறிக்கும் சட்டங்கள் வந்தன. வெர்தைமர்கள் யூதர்கள், 1940-இல் அமெரிக்காவுக்குத் தப்பிவிட்டார்கள். 1941 மே மாதம் ஷனேல், அந்தக் கம்பெனி யூதர்களின் சொத்து, எனக்கே தரவேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். ஆனால் வெர்தைமர்கள் இதை முன்பே யோசித்து, யூதரல்லாத விமானத் தொழிலதிபர் ஃபெலிக்ஸ் அமியோ பெயருக்குக் கம்பெனியை மாற்றிவைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் அமியோ திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தன்னம்பிக்கைக் கதை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

போருக்குப் பின் அவர் வேறு வழியில் போனார். சுவிட்சர்லாந்தில் சொந்தமாக வாசனைத் திரவியம் தயாரிக்கத் தொடங்கினார். வெர்தைமர்களுக்கு இது தலைவலி. பெயருக்குரியவரே போட்டிக்கு வந்தால் வாங்குபவர் எதை அசல் என்று நம்புவார்? 1947-இல் சமாதானம் பேசினார்கள். ஒரு பெரிய ரொக்கத் தொகையோடு, உலகம் முழுவதும் நடக்கும் விற்பனையில் 2 சதவீதமும் ஷனேலுக்கு என்று முடிவானது. அவர் பெரும் பணக்காரரானது இதனால்தான்.

பத்தை விட்டு இரண்டுக்கு இறங்கினாரே என்று கேட்பீர்கள். ஒரு எடுத்துக்காட்டு: வருடத்துக்கு 1 கோடி ரூபாய்க்கு விற்கும் கடை. விற்பனையில் 2 சதவீத ராயல்டி என்றால் 2 லட்சம், லாபம் வந்தாலும் வராவிட்டாலும். அதே கடை கம்பெனியாக இருந்து உங்களிடம் 10 சதவீதப் பங்கு இருந்தால், சம்பளம், வாடகை, வட்டி, விளம்பரம், டைரக்டர் சம்பளம், வரி எல்லாம் போய் 8 லட்சம் நின்று, அது முழுவதையும் டிவிடெண்டாக, அதாவது பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபமாக, அறிவித்தால் உங்களுக்கு 80 ஆயிரம். அறிவிக்காவிட்டால் ஒன்றுமில்லை. புதுப் பங்குகள் வெளியிட்டு, அதில் நீங்கள் பணம் போட முடியாமல் போனால் பத்து ஐந்தாகும். ஆகவே எத்தனை சதவீதம் என்று பேசும்போதே எதில் சதவீதம் என்றும் எழுத்தில் வாங்குங்கள். பேச்சுவார்த்தையில் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுபவர்கள்தான் அதிகம்.

ஆரி வேலை பிளவுஸ் தைத்து இன்ஸ்டாகிராமில் பேர் வாங்கிய பெண்கள் வருவார்கள். முதல் போட்டவர் சித்தப்பா, மைத்துனர், தோழியின் கணவர் என்று யாராவது வீட்டு ஆளாகவே இருப்பார். "நம்மவர்தானே, அவர் பேரிலேயே டிரேட்மார்க் போட்டாச்சு" என்பார்கள். ஐந்து வருடம் கழித்து மனஸ்தாபம் வந்தால் கடையும் தையல்காரர்களும் உங்கள் பக்கம் இருக்கலாம், பெயர் அவர் பக்கம். என் சொந்தப் பெயரைத்தானே வைத்தேன், யார் தடுப்பார் என்றும் கேட்கிறார்கள். ஒருவர் தன் பெயரை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவதை டிரேட்மார்க் சட்டத்தின் 35-ஆம் பிரிவு பாதுகாக்கத்தான் செய்கிறது. ஆனால் பெயரை நீங்களே எழுதிக் கொடுத்து விற்ற பிறகு அதைப் பிடித்துக்கொண்டு தப்பிப்பது கஷ்டம். அமெரிக்க வடிவமைப்பாளர் ஹால்ஸ்டன் 1973-இல் தன் நிறுவனத்தையும் பெயரையும் நார்ட்டன் சைமன் நிறுவனத்துக்கு விற்றார். பிறகு அந்தப் பெயர் கைமாறிக்கொண்டே போனது. 1990-இல் இறக்கும்வரை தன் பெயரில் உடை விற்கும் உரிமை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஷனேலும் கடைசியில் விற்றார். 1954-இல், 70 வயதில், மூடிக்கிடந்த துணிக்கடையைத் திரும்பத் திறந்தபோது பணம் போட்டவர் அதே பியேர் வெர்தைமர். அப்புறம் துணிக்கடையும் அவர்கள் கைக்கே போனது. பதிலுக்கு ஷனேலின் செலவுகளையும் வரியையும் கம்பெனி ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் அந்த நிறுவனம் பியேரின் பேரன்கள் கையில்தான்.

நம் சட்டத்தில் டிரேட்மார்க் வகுப்புவாரியாகப் பதிவாகிறது. உடை 25, வாசனைத் திரவியமும் அழகுசாதனமும் 3, நகை 14, கைப்பை 18. தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய், பத்து வருடத்துக்கு. பலர் 25-ஐ மட்டும் போட்டுவிட்டு, நன்றாக ஓட ஆரம்பித்ததும் கவரிங் நகையும் பர்ஸும் சேர்த்து விற்பார்கள். அந்தப் பெயரை 14-இலும் 18-இலும் வேறு யாராவது போட்டிருக்கிறார்களா என்று டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தேடும்போது உங்கள் 25-க்கு எதிரே உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.