யூரோஃப்ளோமெட்ரி: சிறுநீர் ஓட்ட அளவீடு

சீட்டில் ‘யூரோஃப்ளோ’ என்று எழுதிக் கொடுத்தால், பலரும் அதைச் சிறுநீர்ப் பரிசோதனை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. அதில் குப்பியில் பிடித்துக் கொடுத்த நீரில் சர்க்கரை, புரதம், கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் பார்ப்பது, நீர் என்ன வேகத்தில் இறங்குகிறது என்பதை. இது தெரியாமல் வீட்டிலேயே போய்விட்டுக் குப்பியும் கையுமாக வந்தால், சிறுநீர்ப்பை மறுபடி நிறையும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சொல் ஓர் ஒட்டு. கிரேக்கத்தில் ‘ஊரோன்’ சிறுநீர், ‘மெட்ரோன்’ அளவு. நடுவில் இருக்கும் ‘ஃப்ளோ’ ஆங்கிலம். மீட்டர் என்பது கருவி, மெட்ரி என்பது அளக்கும் முறை. ஆகவே தமிழிலும் கருவியைச் சிறுநீர் ஓட்டமானி என்றும், சோதனையைச் சிறுநீர் ஓட்ட அளவீடு என்றும் பிரித்துச் சொல்லலாம். ‘பாய்வு’ என்று எழுதுவோரும் உண்டு. இரத்த ஓட்டம் என்று பழகிய நமக்கு ‘ஓட்டம்’ இயல்பாக வருகிறது. சொட்டுச் சொட்டாகப் போகிறவரிடம் ‘பாய்வு’ என்பது கேலி மாதிரியும் கேட்கும்.

புனல் வைத்த இருக்கையில் வழக்கம்போல் போக வேண்டும், அவ்வளவுதான். வினாடிக்கு எத்தனை மில்லி என்று கருவி கோடு வரையும். ஆண்களுக்கு உச்ச வேகம் 15 மில்லிக்கு மேல் இருந்தால் பொதுவாகச் சரி. 10க்குக் கீழே என்றால் புராஸ்டேட் (பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அடைப்பாக இருக்கலாம், பையின் தசை தளர்ந்தும் இருக்கலாம். எது என்று இந்தச் சோதனை மட்டும் பிரித்துச் சொல்லாது.

குறைந்தது 150 மில்லியாவது போனால்தான் அளவை நம்பலாம். அதற்காக முட்ட முட்ட அடக்கவும் கூடாது. பை அளவுக்கு மீறி விரிந்தாலும் வேகம் குறையும். ஊட்டி, குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. விடியற்குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், சிறுநீரகம் கூடுதலாக நீரை வெளியே தள்ளும், வியர்வையும் கிடையாது. இதில் கிளம்பும்போதே இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு டீயும் உள்ளே போனால் மலைப்பாதையிலுள்ள பர்லியாறு வருவதற்குள் தாங்காது. வழியில் வந்தால் போய்விடுங்கள். கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு மூன்று டம்ளர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருந்தால் போதும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் குடியுங்கள்.

வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். போகும்போது முக்கக் கூடாது, புனலில் காகிதம் போடக் கூடாது. அப்புறம் வயிற்றில் ஸ்கேன் வைத்து, பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். அறிக்கையில் ‘பிவிஆர்’ என்று வருவது அதுதான். தமிழில் ‘எஞ்சிய நீர்’.