புற்றுநோய் ஆதரவுக் குழு: எதற்குப் போகலாம், எதில் கவனம் வேண்டும்?

குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வயிற்றில் மலம் சேரும் பை பொருத்தி அனுப்பும்போது செவிலியர் எல்லாம் சொல்லித்தான் அனுப்புவார். அந்தப் பதற்றத்தில் பாதி மனதில் நிற்காது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே பையைக் காலி செய்யுங்கள், விட்டால் கனம் இழுத்து ஒட்டு விலகிக் கசியும் என்று, பையோடே தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர் ஆதரவுக் குழுவில் சொன்னால் பதிந்துவிடும். கீமோவால் வாய் முழுக்க உலோகச் சுவை அடிக்கிறதா, ஸ்டீல் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டியில் சாப்பிட்டுப் பாருங்கள் என்பதும் அப்படித்தான். மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை இங்கே தயங்காமல் கேட்கலாம்.

குழுவில் சேர்ந்தால் ஆயுள் கூடுமா? பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களிடம் நடந்து 1989-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, கூடும் என்றது. அதே நிலையில் இருந்த 235 பெண்களிடம் கனடாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் மனத்தவிப்பும் வலியும் தணிந்தன, முக்கியமாக ஆரம்பத்தில் அதிகம் தவித்தவர்களுக்கு. அந்த நிம்மதிக்காகவே போகலாம். சிகிச்சையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

எட்டு முதல் பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் என்றால் நல்லது. ஒருங்கிணைப்பாளர் சரியில்லாத இடத்தில் ஒருவரே முழு நேரமும் பேசிவிடுவார். குழுவில் இருப்பவர்களுக்கு நோய் எந்த நிலையில் இருக்கிறது என்றும் விசாரியுங்கள். நேற்றுதான் பயாப்ஸி முடிவு வாங்கியவர், நோய் பரவியவர்கள் நடுவே உட்கார்ந்தால் மிரண்டுபோவார். அவர் எதிரில் மரணத்தைப் பற்றிப் பேச மற்றவர்களுக்கும் வாய் வராது.

"அவருக்கு நாலு கீமோ, எனக்கு ஏன் எட்டு?" என்ற ஒப்பீடு தூக்கத்தைக் கெடுக்கும். ஒரே மார்பகப் புற்றுநோயிலும் ஹார்மோன் ஏற்பிகள் (புற்றுச் செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்கள்) ஆளுக்கு ஆள் மாறும், மருந்தும் மாறும். அதைவிட ஆபத்து, குழுவுக்குள் மூலிகைப் பொடி விற்க வருபவர்கள். சில மூலிகைகள் கீமோ மருந்து கல்லீரலில் சிதைவதையே மாற்றிவிடும். எதையும் உங்கள் மருத்துவரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள்.

ஒவ்வொரு முறை கீமோ ஏற்றிய பிறகும் ஏழு முதல் பதினான்கு நாட்களில் பெரும்பாலும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும், தொற்று எளிதில் பிடிக்கும். அந்த நாட்களில் போன் வழியாகக் கலந்துகொள்ளலாம். இரண்டு மூன்று முறை போயும் மனம் கனத்தே திரும்பினால், தனி ஆலோசனைக்கு மாறிவிடுங்கள், அதில் தவறே இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பார்த்துக்கொள்பவர்களுக்குத் தனிக் குழு அவசியம். "எனக்கு அலுத்துவிட்டது" என்ற ஒரு வார்த்தையை நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு அவர்களால் சொல்ல முடியாது.