சைக்ளோகிராஸ்: வட்டைக்குள் ஓடும் சைக்கிள்

மார்கழி மழை கூரையில் கொட்டும் இரவுகளில், 7.30 ஆனதும் பெல்ஜியத்தில் நடக்கும் சைக்ளோகிராஸ் என்ற சேற்றுநிலச் சைக்கிளோட்டத்தைப் பார்க்க உட்கார்ந்துவிடுவேன். அங்கே அப்போது பிற்பகல் 3 மணி. மட்டக்களப்புப் படுவான்கரையில் வேளாண்மை செய்யும் மாமா ஒருநாள் பக்கத்தில் இருந்தார். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் ஓடும் வீரர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதென்ன புதினம் மகன்? மாரி வந்தா நாம வட்டைக்குள்ள செய்யிற வேலதானே” என்றார். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. இந்த விளையாட்டுக்குத் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பேச்சிலேயே அது கிடைத்தது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘சைக்ளோ’ என்பதன் வேர், சில்லையும் வட்டத்தையும் குறிக்கும் ‘குக்லோஸ்’ என்ற கிரேக்கச் சொல். சமஸ்கிருதத்தின் ‘சக்கர’வும் அதே மூலத்திலிருந்து வந்ததுதான். ஆக, நாம் வாயால் சொல்லும் சைக்கிளும், அரச படிவங்களில் எழுதும் துவிச்சக்கர வண்டியும் தூரத்து உறவினர். ‘கிராஸ்’ என்பது ஆங்கிலத்தின் ‘கிராஸ் கன்ட்ரி’ ஓட்டத்தைப் பிரெஞ்சுக்காரர் சுருக்கிக்கொண்ட வடிவம். வீதியை விட்டு வெளிநிலத்தின் ஊடாக ஓடுவதே அதன் பொருள். இதைக் ‘குறுக்கு மிதிவண்டி’ என்று மொழிபெயர்த்தால் குறுக்கு மட்டும்தான் மிஞ்சும், வெளிநிலம் போய்விடும்.

பெல்ஜியத்தின் பிளெமிஷ் மக்கள் இதை ‘வெல்ட்ரெய்டன்’ என்கிறார்கள். வெல்ட் என்றால் வயல், ரெய்டன் என்றால் ஓட்டிச் செல்வது. ஜெர்மன் பெயரிலும் வயல்தான் இருக்கிறது. இந்த விளையாட்டை உயிராக நேசிக்கும் மக்கள் வயலை வைத்தே பெயரிட்டிருக்கும்போது, நமக்கு மட்டும் ஏன் தயக்கம்?

பிரான்சில் முதலாவது தேசியப் போட்டி 1902இல் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவராக டானியல் கூசோ என்ற படைவீரரைச் சொல்வார்கள். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிசில் நடந்தது. ஜோன் ரொபிக் வென்றார்.

ஓட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மூன்று கிலோமீற்றர் அளவான சுற்றுப்பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். சேறு, மணல், புல்மேடு, படிக்கட்டு, தடுப்புப் பலகை எல்லாம் வரும். ரயர் அகலம் 33 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. சேறு அப்பிய சைக்கிளைப் பாதையோரத்தில் கொடுத்துவிட்டுக் கழுவிய இன்னொன்றை வாங்கிக்கொண்டு போகலாம்.

இனிப் பருவம். செப்டெம்பரில் காய்ந்த நிலத்தில் தொடங்கி, மழையோடும் குளிரோடும் வளர்ந்து, நத்தாரை ஒட்டிய நாட்களில் அடுத்தடுத்து ஓட்டங்கள் வந்து, ஜனவரிக் கடைசியிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ உலகப் போட்டியில் உச்சத்தைத் தொடும். நம்முடைய பெரும்போகமும் ஏறக்குறைய இதே மாதங்கள்தான். ‘சீசன்’ என்பதற்குப் பருவம் என்றே எழுதலாம். ஆனால் எனக்குப் போகம் என்ற சொல்லே பிடிக்கும். விதைத்து, வெள்ளம் பார்த்து, கடைசியில் விளைச்சல் வருமா என்று காத்திருக்கும் மனநிலை அதில் இருக்கிறது.

2017-18 பருவத்தைப் பாருங்கள். நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் வாரத்துக்கு வாரம் வென்றுகொண்டே போனார். பெப்ரவரியில் வல்கன்பேர்க் உலகப் போட்டி வந்தது. கனத்த சேறு. பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட் இரண்டு நிமிடத்துக்கும் மேல் முந்தி வென்றார். வான் டெர் பூலுக்கு மூன்றாமிடம். அறுவடைக்கு முதல்நாள் வயலுக்குள் வெள்ளம் வந்தவனின் முகம் எப்படியிருக்கும் என்று நம்மூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்களில் மரியான் வொஸ் 2014இல் ஏழாவது உலகப் பட்டத்தை வென்றார், எட்டாவதுக்கு 2022 வரை காத்திருந்தார். எட்டு மாரிகள்!

சரி, மாமா சொன்ன வட்டைக்கு வருவோம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பரந்த வயல்வெளிக்கு வட்டை என்று பெயர். வயல்வேலைகளை மேற்பார்ப்பவரின் பதவிப் பெயரான வட்டவிதானையும் அதிலிருந்துதான் வருகிறது. இதே வட்டை, மாட்டுவண்டிச் சில்லின் சுற்றுமரத்துக்கும் பெயர். குடம், ஆரக்கால், வட்டை என்று தச்சர் அடுக்கிச் சொல்வார்கள். சில்லும் வயலும் ஒரே சொல்லில்! ‘சைக்ளோ’, ‘கிராஸ்’ என்று அவர்கள் இரண்டு சொல்லை ஒட்டிச் சொன்னதை நம்முடைய ஒரு சொல்லே தாங்கிவிடுகிறது. அதனால் நான் வட்டையோட்டம் என்று எழுதுகிறேன். வட்டை பழக்கமில்லாத ஊர்க்காரருக்கு வயல்வெளிச் சைக்கிளோட்டம் என்றால் உடனே விளங்கும்.

சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடுவதற்கும் புதுச்சொல் கட்ட வேண்டாம். காவுதல் இருக்கிறது. காவடியில் இருக்கும் அதே காவு. “பாலத்தடியில சைக்கிளக் காவித்தான் வந்தன்” என்று மாமா சொன்னால், அடைமழையில் உன்னிச்சைக் குளத்து வான்கதவுகள் திறந்திருக்கின்றன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.