பாய் நனையும் இரவுகள்

சித்திரை மாத இரவில் பாளையங்கோட்டையில் ஒருவர் வியர்வையில் நனைந்து எழுந்தால், அதை நோய் என்று யாரும் நினைப்பதில்லை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம், வாங்கிய சூட்டை இரவு பத்து மணிக்கு மேலும் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பக் கீழே தள்ளும். கத்திரி வெயில் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் தலையணை உறை உலர்ந்திருந்தால்தான் வியப்பு. ஆனால் எல்லோருக்கும் வியர்க்கிற ஊரில், நோயால் வியர்ப்பவர் எளிதில் கண்ணில் படமாட்டார் என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

என் அத்தைக்கு அது ஆடி மாதத்தில் தெரியவந்தது. குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்த காற்று ஜன்னல் கதவைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவர், முந்தானையின் ஓரத்தைப் பிழிந்து பார்த்தார், சொட்டியது. "மதினி, காத்து இந்த அடி அடிக்கு, எனக்கு மட்டும் ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?" என்று என் அம்மாவிடம் கேட்டார். "உடம்புச் சூடுதான். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க, சரியாப் போவும்" என்று அம்மா சொன்னார். கேட்டவரின் கேள்வி சரியானது. சொன்னவரின் விடைதான் போதவில்லை.

அறை குளிர்ந்திருக்க, போர்வையும் கனமில்லாதிருக்க, உடுத்திய துணியையும் விரிப்பையும் மாற்றியே ஆகவேண்டிய அளவுக்கு மீண்டும் மீண்டும் நனைவதையே மருத்துவர்கள் இரவு வியர்வை என்கிறார்கள். இந்த வரையறையைச் சித்திரையில் சோதிக்க முடியாது. ஆடிக் காற்றிலும் மார்கழிப் பனியிலும் பாய் நனைகிறதா என்று பார்ப்பதே நம் ஊருக்கு ஏற்ற முதல் சோதனை.

நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. 1 லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். ஆவியாகாமல் பாயில் சொட்டும் வியர்வையால் உடலுக்குக் குளிர்ச்சி இல்லை. ஐப்பசி மழைக்காலத்தில் வெயிலே இல்லாமல் புழுங்குவதற்குக் காற்றில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஈரமே காரணம். எப்போது வியர்க்க வேண்டும் என்று முடிவு செய்வது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி. அது உடலுக்கு ஒரு வெப்ப இலக்கை வைத்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலே போனால் வியர்க்கவும் சற்றுக் கீழே போனால் நடுங்கவும் உத்தரவிடுகிறது. எனவே உடல் உண்மையிலேயே சூடாகியிருக்க வேண்டும் என்பதில்லை, சூடாகிவிட்டதாக ஹைப்போதலாமஸ் கருதினாலே போதும், வியர்த்துவிடும். 'உடம்புச் சூடு' என்ற நம் சொல் பாதி உண்மையைத்தான் பிடித்திருக்கிறது.

காய்ச்சலில் அந்த இலக்கே ஏறி இறங்குகிறது. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் விடும் வேதிப்பொருள்கள், மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை ஊறச்செய்து இலக்கை உயர்த்துகின்றன. அப்போது 37 டிகிரி செல்சியசில் இருக்கும் உடல் தன்னைக் குளிர்ந்ததாக எண்ணி நடுங்குகிறது. இலக்கு மீண்டும் இறங்கும்போது, ஏறிவிட்ட சூட்டைக் கொட்டியாக வேண்டும் என்பதால் வியர்க்கிறது. பாராசிட்டமால் மாத்திரை போட்ட அரைமணி, ஒருமணி நேரத்தில் வியர்த்துக் காய்ச்சல் விடுவதும் இப்படித்தான். உடலின் வெப்பம் இயல்பாகவே மாலையில் உச்சத்துக்குப் போய், விடியற்காலையில் மிகக் குறைந்துவிடும். காசநோயில் மாலைதோறும் லேசாகக் காய்ந்து, இரவில் வியர்த்து விடுவதற்கு இந்த நாள்வட்டமும் ஒரு காரணம்.

காசநோயைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு இவற்றில் ஒன்றோடு இரவு வியர்வையும் சேர்ந்தால், அடுத்த நாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துவிட வேண்டும். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை வழக்கம். பாட்டிமார் 'எலும்புருக்கி' என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன காலம் போய்விட்டாலும், சளிப் பரிசோதனைக்கு வரக் கூச்சப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாமல் நெறி கட்டி, ஆறு மாதத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்து, அதோடு இரவில் உடை நனைந்தால் நிணநீர்ப் புற்றுநோயையும் மருத்துவர் சோதித்துப் பார்ப்பார்.

என் அத்தைக்கு இவை எதுவும் இல்லை. எட்டு மாதமாக மாதவிடாய் தப்பித் தப்பி வந்துகொண்டிருந்ததை மருத்துவர் கேட்ட பிறகுதான் சொன்னார். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஏற்படும் இரவு வியர்வையில் இலக்கு ஏறுவதில்லை. வியர்க்கத் தொடங்கும் அளவுக்கும் நடுங்கத் தொடங்கும் அளவுக்கும் இடையே உள்ள பட்டை சுருங்கிவிடுகிறது. மற்றப் பெண்களுக்கு டிகிரியில் ஒரு சிறு பின்னம் இருக்கும் அந்த இடைவெளி, திடீரென்று உடலில் சூடு பரவும் இந்த 'வெப்ப அலை' உள்ளவர்களுக்கு ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அதனால் போர்வையைச் சற்று இழுத்தாலும், சூடான காப்பி ஒரு வாய் குடித்தாலும், ஹைப்போதலாமஸ் எல்லை மீறியதாகக் கணக்கிட்டு முகம், கழுத்து, மார்புத் தோலின் ரத்த நாளங்களை ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறது. தீயில் நின்றதுபோல் எரிந்து, வியர்த்துக் கொட்டி, கொட்டியது அளவு மீறிவிட்டதால் சில நிமிடங்களில் குளிரும் எடுக்கும். போர்வையை உதைத்துத் தள்ளியவர் உடனே அதைத் தேடுவதைப் பார்த்து வீட்டார் சிரிப்பதுண்டு. ஆனால் அந்த இரண்டும் ஒரே நிகழ்வின் இரு முனைகள்.

பட்டை ஏன் சுருங்குகிறது என்பதற்கான முதல் துப்பு 1990-ஆம் ஆண்டு வாக்கில் கிடைத்தது. நவோமி ரான்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இறந்த பெண்களின் மூளைகளை ஆராய்ந்து, மாதவிடாய் நின்றவர்களின் ஹைப்போதலாமஸில் ஒரு வகை நரம்பு அணுக்கள் பருத்திருப்பதைக் கண்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அடக்கி வைத்திருந்த அணுக்கள் அவை. அது குறைந்ததும் அவை கட்டவிழ்ந்து, நியூரோகைனின் பி என்ற பொருளை மிகுதியாகச் சுரந்து, பக்கத்தில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைத் தூண்டுகின்றன. அந்தப் பொருளின் வேலையை மட்டும் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது. ஈஸ்ட்ரோஜன் சிகிச்சைதான் இன்றும் மிக வலுவானது. ஆனால் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக் கட்டி, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது பொதுவாக ஆகாது.

காய்ச்சல், மாதவிடாய் நிற்றல் இவற்றுக்கு அடுத்த மூன்றாவது வகைக்கு வெப்பத்தோடு தொடர்பே இல்லை. நள்ளிரவில் நெற்றியைத் தொட்டால் சில்லென்று ஈரமாக இருக்கும், பேச்சுக் குழறும்: அது சுகர் இறங்கிய வியர்வை. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போகும்போது உடல் அபாய மணி அடித்து, பரிவு நரம்புகள் வழியாக வியர்வைச் சுரப்பிகளை முடுக்குகிறது. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்தால் இது நேரலாம். ஐப்பசியில் திருச்செந்தூர்க் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கும் சர்க்கரை நோயாளிகள், பால் பழத்தோடு இருந்துகொண்டு வழக்கமான மாத்திரையை மட்டும் விடாமல் போடுவது ஆபத்தானது. விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அளவைக் குறைத்து எழுதி வாங்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், ஆனால் வியர்வையை அது மறைப்பதில்லை. இப்படி வியர்ப்பவரை எழுப்பி, நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

தைராய்டு மிகைச் சுரப்பு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் வகை மாத்திரைகள், மது, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம் ஆகியவையும் இதே பாயை நனைப்பவை. மாத்திரைதான் காரணம் என்று தோன்றினாலும் தானாக நிறுத்தக் கூடாது. எல்லாம் சோதித்த பிறகும் காரணம் எதுவும் பிடிபடாமல் போகிறவர்களும் உண்டு.

மருத்துவரிடம் போகும் முன் பத்து நாள் கணக்கு வைத்துக்கொள்வது, எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்பதை அவருக்கு எளிதாக்கும். எத்தனை மணிக்கு நனைந்தது, மாலை ஆறு மணிக்கு வெப்பமானி என்ன காட்டியது, அன்று சாப்பிட்ட மாத்திரை எவை என்ற மூன்றும் தினசரி நாள்காட்டியின் தாளில் அடங்கிவிடும். எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

வீட்டளவில் செய்யக்கூடியதில் முதலிடம் படுக்கைக்கு. ஃபோம் மெத்தை முதுகின் சூட்டைத் திருப்பி முதுகுக்கே தருகிறது. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த பத்தமடைப் பாயில் இழைகளுக்கு நடுவே காற்று புகும், சிமென்ட் தரையும் சூட்டை வாங்கிக்கொள்ளும். இரவுச் சாப்பாட்டில் காரத்தைக் குறைப்பதும் மூடநம்பிக்கை அன்று: நாக்கில் வெப்பத்தை உணரும் அதே ஏற்பியைத்தான் மிளகாயின் கேப்சைசினும் தொடுகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளைக்குக் காரமும் சூடும் ஒரே செய்தியாகத்தான் போய்ச் சேர்கின்றன. எண்ணெய்க் குளியலால் பட்டை விரியாது. அன்று இரவு தூக்கம் நன்றாக வந்தால் அது தனி லாபம்.

அத்தைக்கு சளி, எக்ஸ்ரே, சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரியாகவே இருந்தன. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார். இந்த வெப்ப அலைகள் சராசரியாக ஏழாண்டு நீடிக்கும் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுக் கொஞ்சம் திகைத்தவர், கட்டிலை விட்டு வீட்டின் முன்பக்கத் தார்சாவுக்கு மாறி, நூல் சேலையும் மாற்று ஜாக்கெட்டும் கொடியில் கைக்கெட்டும் தூரத்தில் போட்டுக்கொண்டார். இப்போதும் வாரத்தில் இரண்டு இரவு எழுகிறார். உலர்ந்ததை மாற்றிக்கொண்டு, நாள்காட்டித் தாளில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பாயை மறுபுறம் திருப்பிப் போட்டுப் படுத்துவிடுகிறார்.