தண்ணீரால் அச்சிட்ட புயல்

மூன்று தாள்களை அக்கம்பக்கமாக வைத்தால் ஒரு கடல் விரிகிறது. நடுவே ஒரு படகு, அலையில் ஏறித் தத்தளிக்கிறது. பென்கெய் என்ற துறவி வீரர் கையில் ஜெபமாலையோடு பிரார்த்திக்கிறார். எதிரே, கடலும் வானமும் சேரும் இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் எழுந்து நிற்கிறது. முகம் தெரியாத வெறும் நிழல்கள் அவை. கடலில் மூழ்கி இறந்த தைரா குலத்து வீரர்களின் ஆவிகள்.

உதாகாவா குனியோஷி என்ற ஜப்பானிய ஓவியர் 1850-ஐ ஒட்டி வரைந்த மரக்கட்டை அச்சுப் படம் இது. கதைக்குப் பின்னால் இருப்பது உண்மை வரலாறு. 1185-இல் டான்-நோ-உரா கடற்போரில் மினமோத்தோ குலம் தைரா குலத்தை அழித்தது. குழந்தைப் பேரரசர் அந்தோகுவும் அன்று கடலில் மூழ்கினார். அந்த வெற்றியைத் தேடித் தந்த தளபதி யோஷித்சுனே, அதே ஆண்டின் இறுதியில் அண்ணன் யோரித்தோமோவின் பகைக்கு அஞ்சி, இன்றைய ஒசாகாவுக்கு அருகிலுள்ள டைமோட்சு துறையிலிருந்து படகேறித் தப்ப முயன்றார். புயல் அவரைத் திருப்பி அடித்தது. அந்தப் புயலைக் கிளப்பியவர்கள் தோற்ற வீரர்களின் ஆவிகளே என்று பிற்கால நாடகங்கள் சொல்லின. குனியோஷி வரைந்தது அந்தக் காட்சியைத்தான். படகில் பிரார்த்திக்கும் பென்கெய், யோஷித்சுனேயின் துணைவர்.

இந்தப் படத்தை நான் எப்போது பார்த்தாலும் மனதில் முதலில் எழுவது ஒரே கேள்விதான். அச்சு இயந்திரம் கிடையாது, எண்ணெய் மை கிடையாது. மரப்பலகையும் தண்ணீரில் குழைத்த வண்ணமும் கையும்தான் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு, கடல் மேல் கருநீலத்திலிருந்து வெளிர்நீலத்துக்குக் கரையும் அந்த வண்ணத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள்? ஒரு படத்தில் அல்ல, நூற்றுக்கணக்கான பிரதிகளில்?

ஈரத்தை எவ்வளவு அனுமதிப்பது, எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புயலை வரைந்த இந்தப் படம் முழுக்க முழுக்கத் தண்ணீரின் கணக்கில் உருவானது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஓவியரின் கையெழுத்து மட்டும் பெரிதாக இருந்தாலும், இது நான்கு தரப்பாரின் வேலை. பணம் போட்டு எல்லாரையும் ஒருங்கிணைப்பவர் பதிப்பாளர். கோடு வரைபவர் ஓவியர். பலகையைச் செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் இன்னொருவர். குனியோஷி பட்டுக்குச் சாயம் தோய்ப்பவரின் மகன். வண்ணமும் ஈரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சிறுவயதிலேயே வீட்டில் பார்த்து வளர்ந்தவர். இருந்தாலும் இந்தப் படத்தின் எந்தப் பிரதியிலும் அவர் கைப்படப் பூசிய வண்ணம் ஒரு துளிகூட இல்லை.

அவர் மெல்லிய தாளில் மையால் கோட்டோவியம் மட்டும் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைத் தலைகீழாகத் திருப்பி, மலைச்செர்ரி மரப்பலகையில் பசை தடவி ஒட்டுவார். பிறகு தாளின் முதுகை ஈர விரலால் மெல்லத் தேய்த்து நார்களை உருட்டி எடுப்பார். மிச்சமிருக்கும் சவ்வு போன்ற படலத்தின் வழியே கோடுகள் தெளிவாகத் தெரியும். அதன்மேல் கத்தியை வைத்து, கோடு இருக்கும் இடத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் வெட்டி எடுப்பார். ஓவியரின் மூலப் படம் அந்த இடத்திலேயே அழிந்துபோகும். ஆக, 'அசல்' என்று காட்ட ஒரு படமே மிஞ்சாது. இருப்பவை எல்லாம் பிரதிகள்தான்.

செர்ரி மரம் ஏன்? அதன் துளைகள் மிகச் சிறியவை, மரம் முழுக்கச் சீராகப் பரவியவை. அதனால் கத்தி ஓடும்போது இழை இழுத்துக்கொண்டு போகாது. நெற்றி ஓரத்து முடிகளை இழை இழையாகப் பிரிப்பது பட்டறையின் தலைமைச் செதுக்குநர் மட்டும் தொடும் வேலை. அப்படி மயிரிழையாக நிற்கும் மரக்கோடு, ஈரம் பட்டுப் பட்டு உலர்ந்தும் பல நூறு பிரதிகள் தாங்க வேண்டும்.

இப்போது வண்ணத்துக்கு வருவோம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி அச்சுமுகம் வேண்டும். பலகையின் இரண்டு பக்கங்களையும் பயன்படுத்திக்கொள்வார்கள். ஒரே தாளைக் கோட்டுப் பலகையில் தொடங்கி ஒவ்வொரு நிறப் பலகையிலும் வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அமர வேண்டும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பென்கெயின் உடையின் நிறம் கோட்டைத் தாண்டிக் கடலில் வழிந்துவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி அவ்வளவு எளிமையானது. பலகையின் ஒரு மூலையில் 'ட' வடிவப் பள்ளம் ஒன்று, அதே விளிம்பில் சற்றுத் தள்ளி நேர்கோடாக இன்னொரு பள்ளம். தாளின் மூலையை முதலாவதில் பொருத்தி, ஓரத்தை இரண்டாவதில் சாய்த்து, பிறகு தாளை மெல்லக் கீழே விட வேண்டும். இந்தக் குறிகளுக்குப் பெயர் 'கென்தோ'. கணிப்பு, உத்தேசம் என்பதற்கும் ஜப்பானிய மொழியில் இதே சொல்தான்.

பள்ளம் வெட்டுவதைவிட அது எல்லாப் பலகைக்கும் போய்ச் சேரும் விதம்தான் எனக்கு அழகாகத் தெரிகிறது. கோட்டுப் பலகையைச் செதுக்கும்போதே கென்தோவையும் செதுக்கிவிடுவார்கள். பிறகு அந்தப் பலகையிலிருந்து கறுப்பு மையில் பல மாதிரிகள் எடுப்பார்கள். கென்தோவும் அவற்றில் பதிந்திருக்கும். ஒரு மாதிரியில் நீலம் வர வேண்டிய இடம், இன்னொன்றில் சிவப்பு வர வேண்டிய இடம் என்று ஓவியர் குறித்துத் தருவார். ஒவ்வொரு மாதிரியையும் ஒரு புதுப் பலகையில் ஒட்டி, குறித்த இடத்தையும் கென்தோவையும் சேர்த்தே செதுக்குவார்கள். அளந்து வைக்க வேண்டிய தேவையே இல்லை. தாய்ப் பலகையின் குறி ஒவ்வொரு பிள்ளைப் பலகைக்கும் தானாக இறங்கிவிடுகிறது. பலகை ஈரத்தில் கொஞ்சம் ஊதினாலும் குறி அதே மரத்தில் இருப்பதால் படத்தோடு சேர்ந்தே நகரும்.

சரி, மரம் ஊதினால் சமாளிக்கலாம். தாள் ஊதினால்? உலர்ந்த தாளில் நீர் வண்ணம் ஒழுங்காகப் பிடிக்காது. அதனால் அச்சிடுவதற்கு முன்பே தாள்களை ஈரப்படுத்தி அடுக்கி வைப்பார்கள். ஈரம் புகுந்ததும் நார்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்து தாள் மென்மையாகிறது, கூடவே சற்று விரிகிறது. முதல் நிறம் அடித்த பின் காய்ந்துவிட்டால் தாள் சுருங்கும், அடுத்த நிறம் இடம் மாறி விழும். எனவே கடைசி நிறம் விழும்வரை அடுக்கு முழுவதையும் ஒரே ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டும். ஈரம் கூடினாலும் ஆபத்துதான், வண்ணம் கசிந்து பரவிவிடும். அதைத் தடுக்க, படிகாரமும் விலங்குப் பசையும் கலந்த 'தோசா' என்ற கரைசலைத் தாளில் முன்கூட்டியே பூசியிருப்பார்கள். அது நார்களின் தாகத்தைப் பாதி அடைத்துவிடும்.

இத்தனை முறை நனைத்துத் தேய்த்தும் தாள் கிழியாமல் இருப்பதற்குக் காரணம் அதன் நார். கோசோ என்ற மல்பெரி இனச் செடியின் பட்டையிலிருந்து செய்த தாள் அது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் மரக்கூழ்த் தாளின் நார் ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். கோசோ நார் அதைப்போல் பல மடங்கு நீளம்.

அச்சிடுபவர் பலகையில் வண்ணத்தையும் கொஞ்சம் அரிசிப் பசையையும் வைத்து, குதிரைமயிர்த் தூரிகையால் பரப்புவார். தூரிகையின் முனைகள் தடிப்பாக இருந்தால் கோடு கோடாகத் தெரியும் என்பதால், சுறாத்தோலில் தேய்த்து முனைகளைப் பிளந்து மென்மையாக்கி வைத்திருப்பார். தாளை கென்தோவில் அமர்த்தி, பின்புறத்திலிருந்து 'பாரென்' என்ற வட்டத் தட்டால் அழுத்தித் தேய்ப்பார். பாரெனின் உள்ளே, மூங்கில் பாளையை நாராகக் கிழித்து முறுக்கிய கயிறு சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். கயிற்றின் ஒவ்வொரு முடிச்சும் ஓர் அழுத்தப் புள்ளி. உள்ளங்கையின் பலம் அந்தச் சிறு புள்ளிகளில் குவிவதால், இயந்திரம் இல்லாமலே வண்ணம் தாளின் மேற்பரப்பைத் தாண்டி நாருக்குள் இறங்குகிறது.

கடலின் அந்தக் கரையும் நீலத்துக்கு 'பொகாஷி' என்று பெயர். பலகையில் அதற்கென எந்தச் செதுக்கலும் இருக்காது, தட்டையான மரம்தான். ஈரத்துணியால் ஒரு பக்கத்தை நனைத்துவிட்டு, மறு பக்கத்தில் அடர்த்தியான வண்ணத்தை வைத்துத் தூரிகையை ஒரு வீச்சு இழுப்பார்கள். நீர் அதிகம் உள்ள இடத்தில் வண்ணம் நீர்த்து வெளிறும், குறைவாக உள்ள இடத்தில் அடர்ந்து நிற்கும். ஒவ்வொரு தாளுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். மூன்று தாள்களும் தனித்தனிப் பலகைகளில் அச்சானவை என்பதை நினைத்துப் பாருங்கள். பக்கத்துத் தாளின் வானத்தோடு இந்தத் தாளின் வானம் ஒட்ட வேண்டும் என்றால், அது அந்தக் கையின் நிதானத்தில் மட்டும்தான் இருக்கிறது.

ஆவிகளுக்கு வருகிறேன். படகில் இருப்பவர்களுக்குக் கறுப்புக் கோடு உண்டு. கோட்டுப் பலகை அவர்களுக்கு மூக்கு, கண், விரல் எல்லாம் கொடுத்திருக்கிறது. ஆவிகளுக்கு எல்லை வகுப்பது நிறப் பலகை. கோடு இல்லாமல் பரப்பு மட்டும், அதுவும் நீர்த்த சாம்பலில். உயிருள்ளவர்கள் ஒரு பலகையிலும் இறந்தவர்கள் வேறொரு பலகையிலும் இருக்கிறார்கள்.

கடலின் அந்த நீலத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் பெயர் பிரஷ்யன் நீலம். அது வருவதற்கு முன் ஜப்பானிய அச்சில் இருந்த நீலங்கள் இரண்டு. ஒன்று சுயுகுசா என்ற பூவின் சாறு, ஈரம் பட்டாலே போய்விடும். மற்றொன்று அவுரி, அது மங்கலாகத்தான் விழும். பிரஷ்யன் நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் சிவப்புச் சாயம் செய்யப் போய்த் தற்செயலாகக் கிடைத்தது. நாகசாகி துறைமுகம் வழியே ஜப்பானுக்குள் வந்து, 1830-ஐ ஒட்டி விலை இறங்கியதும் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துப் பதிப்பாளர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள். பெர்லின் என்ற பெயர் 'பெரோ' ஆகி, நிறம் 'பெரோ-ஐ' ஆனது. அந்தப் படிகத்தில் இரும்பு இரண்டு நிலைகளில் இருக்கிறது. ஓர் இரும்பிலிருந்து மற்றதற்கு எலக்ட்ரான் தாவ, சிவப்பொளியின் ஆற்றல் போதும். சிவப்பு அங்கே உறிஞ்சப்பட, நம் கண்ணுக்கு நீலம் மிஞ்சுகிறது. அதன் துகள்கள் மிக நுண்ணியவை, நீரில் கரைவதும் இல்லை. பொகாஷிக்கென்றே செய்ததுபோல் பொருந்திய நிறம்.

படத்தின் ஓரத்தில் இருக்கும் சிறு முத்திரைகளையும் விட்டுவிடக் கூடாது. அன்றைய அரசு தணிக்கை செய்யாமல் எதையும் அச்சிட விடாது. ஆளும் தோகுகாவா குடும்பத்தையோ அண்மைக்கால அரசியலையோ தொடக் கூடாது. 1842-இல் நடிகர்கள், கணிகையர் படங்களுக்கும் தடை வந்தது. கிட்டத்தட்ட ஏழு நூற்றாண்டு பழைய போர் என்றால் சிக்கல் குறைவு. வரலாற்றுக் காட்சிகள் அந்தக் காலத்தில் பெருகியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். 1847 முதல் 1852 தொடக்கம் வரை தணிக்கையாளர் இருவர் சேர்ந்து முத்திரையிட்டார்கள். தேதி எழுதாத ஒரு படத்தில் அப்படி இரட்டை முத்திரை இருந்தால், அதன் காலத்தை ஐந்தாண்டுக்குள் அடக்கிவிடலாம். இந்தப் படத்தின் காலமும் அந்த எல்லைக்குள்தான் விழுகிறது.

அப்போது ஒரு தாளின் விலை, ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலையைவிட அதிகம் தள்ளி இருக்கவில்லை. வாங்கியவர்கள் சுவரிலும் தடுப்பிலும் ஒட்டினார்கள், குழந்தைகள் கையில் கொடுத்தார்கள். இன்று அதே தாள்களை அருங்காட்சியகங்கள் மங்கிய விளக்கில், சில வாரங்களோ சில மாதங்களோ மட்டும் வெளியே வைக்கின்றன. ஒளி பட்டால் குசும்பப்பூச் சிவப்பு போய்விடும், போனது திரும்பாது. பிரஷ்யன் நீலமும் நீண்ட ஒளியில் வெளிறும். ஆனால் இருட்டில் காற்று பட வைத்திருந்தால், நிறமிழந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து இழந்த நீலத்தில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். கண்காட்சி முடிந்து பெட்டிக்குள் போன பிறகு, அந்தக் கடல் மெல்ல மெல்ல மறுபடி நீலமாகிக்கொண்டிருக்கும்.